கிம்பலை நிலைநிறுத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும், ஐயாவுக்கும், தங்கைக்கும், தம்பிக்கும் வணக்கம்.

நம் கண்மாயின் மேல் ட்ரோனில் எடுத்த வீடியோவை உங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். மடையிலிருந்து கலிங்கு வரை கரையை ஒட்டி ஒரே ஓட்டமாகப் போகும் அந்தக் காட்சியில் தொடுவானம் ஒரு நூல்கூடச் சாயவில்லை. பார்த்தவர்கள் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை எல்லோரும் அறியச் சொல்வதுதான் முறை. அதற்காகவே இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஃப்450 என்ற சட்டத்தில் (ஃபிரேம்) கட்டிய, நான்கு மோட்டார் வைத்த ட்ரோன் அது. உள்ளே பறப்பதைக் கட்டுப்படுத்தும் பிக்ஸ்ஹாக் போர்டு, அதில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருள். பறப்பதில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் கோப்ரோ கேமராவைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால், ட்ரோன் முன்னால் போகத் தலை குனியும்போது கேமராவும் குனியும். பக்கவாட்டில் போகும்போது படத்தில் ஊரே சாயும். இதைச் சரிக்கட்டத்தான் இரண்டு அச்சு கிம்பல், அதாவது ட்ரோன் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவை மோட்டாரால் எதிர்ப்பக்கம் திருப்பி நேராக நிறுத்தும் தாங்கி. மாட்டுவது எளிது. நான்கு திருகு, ஒரு பேட்டரி இணைப்பு, கேமராவை மேலும் கீழும் திருப்பும் சாய்மானத்துக்கு ஒரு சிக்னல் ஒயர், அவ்வளவுதான். மாட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மேசையில் வைத்தால் கேமரா அமைதியாக நிற்கும். மேலே போனால் உதறும். சில நேரம் பிடிப்பு விட்டுப்போய்த் தொங்கிவிடும். வெளியே தெரிந்தது ஒரு கோளாறு, உள்ளே இருந்தவை மூன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள்.

முதல் நன்றி, ஸ்டுடியோ அண்ணனுக்கு. கல்யாண வீடுகளில் பெரிய கேமராவை கிம்பலில் வைத்துப் படம் எடுப்பவர் அவர். ட்ரோனைத் தொட்டதில்லை. ஆனாலும் பார்த்தவுடன், "பேட்டரியக் கழட்டு தம்பி, மொதல்ல கையால ஆட்டிப் பாப்போம்" என்றார். கேமராவை நேராக நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். லென்ஸ் பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. "முன்னாடி கனம். மோட்டார் இந்தக் கனத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கு பாரு." கிம்பல் மோட்டார் சுழல்வதற்கானது அல்ல, பிடித்து நிறுத்துவதற்கானது. மெல்லிய கம்பியை நிறையச் சுற்றிச் செய்திருப்பார்கள். பாரம் ஒரு பக்கம் இருந்தால் நின்ற இடத்திலேயே சூடாகும், காற்று லேசாகத் தள்ளினாலும் பிடிப்பு நழுவும்.

கனத்துக்குக் காரணம் லென்ஸில் இருந்த என்டி ஃபில்டர். கழற்றிவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கோப்ரோவில் லென்ஸ் துளையைச் சுருக்க முடியாது. உச்சி வெயிலில் ஷட்டர் தானாகவே வேகமெடுத்து, அசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/60 பக்கம் வைத்திருக்க முடியும். சரி, பின்னால் கனம் ஏற்றுவோம் என்று கேமராவின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை டபுள் சைட் டேப்பால் ஒட்டினார். இப்போது எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது. அந்த நாணயம் இன்னும் அங்கேதான் இருக்கிறது அண்ணே, எடுக்க மாட்டேன்.

அடுத்து, திருச்சியில் மாடல் விமானம் பறக்கவிடும் அண்ணனுக்கு. உதறல் குறைந்த பிறகும் படத்தில் ஜெல்லி போல ஒரு நெளிவு இருந்தது. கேமரா ஒரு ஃபிரேமை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவு செய்கிறது. அதற்குள் கேமரா துடித்தால் வரிகள் இடம் மாறி விழும். எங்கள் ட்ரோன் அளவுக்கு ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு எண்பதுக்கு மேல் துடிப்பு. கிம்பல் சாய்வைத் திருத்துமே தவிர இந்த வேகத் துடிப்பைத் துரத்திப் பிடிக்காது. துடிப்பைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும் என்று அண்ணன் நான்கு ப்ரொப்பெல்லர்களையும் பேலன்சரில் வைத்து, கனம் குறைந்த இறக்கையில் செல்லோ டேப் ஒட்டி ஒட்டிச் சமன் செய்தார். கிம்பலோடு வந்த ரப்பர் உருண்டைகள் எங்கள் கேமராவின் எடைக்கு ரொம்பக் கெட்டி. அதிர்வை அப்படியே கடத்திக்கொண்டிருந்தன. தன் பெட்டியிலிருந்து மெதுவான உருண்டைகளை எடுத்து மாட்டிவிட்டார். உருண்டை கழன்றாலும் கேமரா விழாதபடி மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் நைலான் நூலால் கட்டியதும் அவர்தான். விலையைக் கேட்டதற்கு முறைத்தார். அதற்கும் சேர்த்தே நன்றி அண்ணே.

மூன்றாவது கோளாறுதான் எங்களை நன்றாக அலைக்கழித்தது. எல்லாம் சரியான பிறகும், பறக்கும்போது கேமராவை நேர் கீழே திருப்பினால் திடீரென்று ஒரு வெட்டு, அப்புறம் உயிர் போனது போலத் தொங்கல். கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேப் ஐயா, உங்கள் பொறுமையை நான் மறக்கவே மாட்டேன். மேலே நடப்பதைக் கீழேயே நடத்திக் காட்டு என்றீர்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, ட்ரோனைக் கையில் பிடித்துச் சாய்த்துக்கொண்டே லென்ஸைக் கீழே இறக்கினோம். வந்துவிட்டது கோளாறு! கிம்பல் மென்பொருளின் திரையில் ஐ2சி (சென்சாரும் போர்டும் பேசிக்கொள்ளும் முறை) பிழை எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

கேமராவுக்கு அடியில் இருக்கும் சின்ன சென்சார் போர்டுதான் கிம்பலுக்குக் கண். அது தன் சாய்வை நான்கு மெல்லிய ஒயர்கள் வழியாகக் கட்டுப்பாட்டு போர்டுக்குச் சொல்கிறது. ஐ2சி என்பது 1982இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒரே போர்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ள உருவாக்கிய முறை. நீளமான ஒயரில், மின் இரைச்சலுக்கு நடுவில் ஓட வேண்டும் என்று யாரும் அதைச் செய்யவில்லை. கேமரா நேராக இருக்கும்போது சென்சார் ஒயர் தனியாகத் தொங்கியது. கீழே திரும்பும்போது கிம்பல் கைக்குள் மோட்டார் ஒயர்களோடு ஒட்டி அழுந்தியது. மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் முனையை ஐயா டேட்டா ஒயரில் வைத்தார். சதுர சதுரமாக வந்துகொண்டிருந்த அலையின் மேல் முள் முள்ளாக நின்றது, லென்ஸை மேலே தூக்கினால் முள் மறைந்தது. இறக்கினார், முளைத்தது. தூக்கினார், மறைந்தது. மேசையில் ஏன் கோளாறு வரவே இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது, அங்கே கேமரா எப்போதும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணத்தைச் சொன்னதோடு ஐயா விடவில்லை. டேட்டா ஒயரை கிரவுண்டோடும், கிளாக் ஒயரை பவரோடும் முறுக்கு, நீளத்தைக் குறை, மோட்டார் ஒயருக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோ, மோட்டார் ஒயரை இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் சுற்றிவிடு என்று ஒரு தாளில் படம் போட்டே கொடுத்தார்.

அதைச் செய்து முடித்தது செல்போன் சர்வீஸ் கடைத் தம்பி. அந்த சென்சார் போர்டு கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பழைய ஒயர் விறைப்பாக இருந்தால் கேமராவையே இழுக்கும் என்று, சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வைத்திருந்த மெல்லிய சிலிகான் ஒயரைப் போட்டான். மூக்கு முட்டக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் நான்கு புள்ளிகளையும் சால்டர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடையில் கூட்டம் இருந்தது தம்பி, எனக்காக எல்லோரையும் காக்க வைத்தாய். அந்தக் கூட்டத்துக்கும் நன்றி. பிழை எண்ணிக்கை அன்றிலிருந்து பூஜ்யம்.

ஐயாவின் மாணவியான தங்கைக்கு ஒரு தனி நன்றி. கிம்பல் மோட்டார் எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்று சொல்லும் பி, ஐ, டி என்ற மூன்று கட்டுப்பாட்டு எண்களை அமைத்தது அவர்தான். ஒரு விரலை கிம்பலின் கையில் லேசாக வைத்துக்கொண்டு பி எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். 'ர்ர்ர்' என்று விரலில் நடுக்கம் வந்ததும் ஒரு படி இறக்குவார். பிறகு கேமராவைத் தட்டிவிட்டு, ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து டி எண். நிதானமாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்து ஐ எண். திரையைவிட விரல்தான் சீக்கிரம் சொல்லும் அண்ணா என்றார். சென்சாரை ஆறு பக்கமும் வைத்து அளவு திருத்தியதும், பிக்ஸ்ஹாக்கில் சாய்மானச் சேனலை அமைத்ததும் அவர் வேலைதான்.

அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட இடம் கொடுத்து, வெயிலில் நின்ற எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிய பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நன்றி. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. அதற்கான பதிவு எண்ணை வாங்க என்னோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிய நண்பனுக்கும் நன்றி. ஆர்டுபைலட்டை உலகெங்கும் இருந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்ட தன்னார்வலர்களை நான் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்கும் தமிழிலேயே சொல்லி வைக்கிறேன், நன்றி.

தங்கை அமைத்த எண்களையும், ஐயா வரைந்த படத்தின் நகலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்களில் யாருக்காவது கிம்பல் உதறினால் சொல்லி அனுப்புங்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். மெதுவான ரப்பர் உருண்டைகளும் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.

மிக்க அன்புடன்,
புதுக்கோட்டையிலிருந்து உங்கள் தம்பி