‘அ’வுக்கு முன் ‘ட’ வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நர்சரியில் இருக்கும் என் பேத்திக்குப் எழுத்தின் மேல் எழுதிப் பழகும் புள்ளிக்கோட்டுத் தாள்கள் வருகின்றன. எடுத்த எடுப்பிலேயே ‘அ’, ‘இ’! சுழியும் வளைவும் பிஞ்சு விரலுக்கு எளிதா? நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ முதலில் வரட்டும். தொடங்கும் இடத்தில் அம்புக்குறியும் வேண்டும். இல்லாததால் ‘ட’வைக் கீழிருந்து மேலே இழுக்கிறாள், பார்வைக்குச் சரி, கை பழகுவதோ தலைகீழாக.

தேக்கா சந்தையில் வாங்கும் கறிவேப்பிலையை அவள்தான் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போடுவாள் (தரையெல்லாம் குப்பை, மருமகளுக்குப் பிடிக்காது). கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் அந்தப் பிடிதான் பென்சிலுக்கும் உதவும். எழுதுவதற்கு உடைந்த கிரயான் துண்டு தருகிறேன். நீளமானதை முஷ்டியில் பிடிப்பாள். துண்டை விரல்நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பாலர் பள்ளிகள் இதைக் கவனிக்கலாமே?

ஒரு பாட்டி,
ஈசூன், சிங்கப்பூர்