போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

விமான தூரமும் பயண நேரமும் கணக்கிட்டுச் சொல்லும் செயலிகளை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் போதும், தூரத்தையும் நேரத்தையும் உடனே காட்டிவிடுகிறீர்கள். தூரத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி பெருவட்டப் பாதைதான். லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகிற விமானம் எதற்காக கிரீன்லாந்துப் பக்கம் ஏறுகிறது என்று குழம்புகிறவருக்கு, நீங்கள் வரைந்து காட்டும் வளைகோடு நன்றாகவே புரியவைக்கிறது.

சிக்கல் நேரத்தில்தான். பெரும்பாலும் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து, ஒரே எண்ணாகக் கொடுத்துவிடுகிறீர்கள். லண்டன் - நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. உங்கள் கணக்குப்படி ஆறே முக்கால் மணிக்குள் போய்விடலாம். விமான அட்டவணையிலோ போவதற்கு ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்புவதற்கு 7. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று உக்கிரமாக வீசிய ஓர் இரவில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு 747 விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது. தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல்! ஆனாலும் ஒலித்தடையை, அதாவது சுற்றியுள்ள காற்றில் ஒலி செல்லும் வேகத்தை, அது உடைக்கவில்லை; காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

காற்றாவது நாளுக்கு நாள் மாறுவது, விடுங்கள். வான்வெளியே மூடியிருந்தால்? ஹெல்சிங்கி - டோக்கியோ சுமார் 7,840 கி.மீ. நீங்கள் 9 மணி 13 நிமிடம் என்பீர்கள் (அந்த 13 நிமிடத் துல்லியத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது). 2022 வரை அது ஓரளவு பொருந்தியது. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. இப்போது ஃபின்லாந்து விமானங்கள் வடதுருவப் பக்கமாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் போல எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் சொன்னதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் கதி என்ன?

அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேரும். பயணிக்குத் தேவை அதுதான். எனவே போக எவ்வளவு, வர எவ்வளவு என்று இரண்டையும் அட்டவணையிலிருந்தே எடுத்துப் போடுங்கள். நேர்வழியில் பறக்க முடியாத இடங்களில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்குப் பறக்கும் நேரத்தை மட்டும் போட்டு ஆசை காட்டாதீர்கள்.

அப்புறம், இறங்கும் ஊரின் தேதியையும் சேர்த்தால் புண்ணியம். டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறுகிறவர் பத்து மணி நேரம் பறந்து, வழியில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலையில் இறங்குவார். ஹோட்டல் அறையை மறுநாளுக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் செயலியை அடிக்கடி பார்க்கும் ஒரு பயணி