மோவாய் அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

மோவாயை எடுப்பாகக் காட்ட, எலும்பின் மேல் பொருத்தும் சிலிக்கோன் துண்டை (இம்ப்ளாண்ட்) வைத்துக்கொண்டவள் நான். அறுவையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முன், பின் என்று நீங்கள் காட்டும் இரண்டு படங்களுக்கு நடுவில் கிடக்கும் வாரங்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இனி வருபவர்களுக்காவது சொல்லுங்கள்.

முதலில் மரத்துப்போவதைச் சொல்லுங்கள். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு, இம்ப்ளாண்ட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எலும்பிலிருந்து வெளியே வருகிறது. அது கொஞ்சம் இழுபட்டாலே பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில், உணர்வு மந்தமாகிவிடும். தண்ணீர் வாயோரம் வழிவது தெரியாது. சூடாகக் குடித்தால் உதடு சுடுவதுகூடத் தெரியாது. பெரும்பாலோருக்கு உணர்வு திரும்பிவிடும், வெகு சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக இதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம் வீக்கம். முதல் இரண்டு மூன்று நாள் அது கூடத்தான் செய்யும். இரண்டு வாரத்தில் பெரும்பகுதி வடிந்தாலும், உண்மையான வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். இது தெரியாதவர்கள் கண்ணாடியைப் பார்த்து, அளவு பெரிதாகிவிட்டதோ என்று பதறுகிறார்கள். சிரிப்பும் கொஞ்ச நாள் இறுக்கமாகவே இருக்கும்.

மோவாய்க்கு அடியில் வெட்டினால் சின்னத் தழும்பு. வாய்க்குள் வெட்டினால் வெளியே தழும்பு இல்லை, ஆனால் வாயிலுள்ள கிருமிகளிடமிருந்து தையலைக் காக்க வேண்டும். எது என்பதை எங்களோடு சேர்ந்து முடிவெடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பற்கள் கடிக்கும்போது எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். மோவாய் உள்வாங்கித் தெரிவதற்குக் கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கியிருப்பது காரணமாக இருக்கலாம். இம்ப்ளாண்ட் வைத்தால் பக்கவாட்டுத் தோற்றம் மாறும், கடி சரியாகாது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லையும் தீராது. அப்படிப்பட்டவருக்குத் தாடை அறுவை பொருந்தலாம். சிலருக்கு மோவாய் எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தும் முறை ஏற்றதாக இருக்கும். உங்களிடம் அந்தச் சிகிச்சை இல்லையென்றால் இருப்பவரிடம் அனுப்புங்கள். பணம் கட்டத் தயாராக ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வது எளிதல்ல, தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

“பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்” என்று லேசாகச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். எடுக்க முடியும், சரி. ஆனால் விரிந்த தசையும் தோலும் பழையபடி ஒட்டாமல் தொங்கிப்போகலாம். தொற்று வந்தால் மாத்திரை மட்டும் போதாமல், இம்ப்ளாண்டையே எடுக்க வேண்டி வரலாம். வருடங்கள் போகப் போக அதன் அடியிலுள்ள எலும்பு சற்றுத் தேய்வதும் உண்டு. அதனால் என்ன பொருள், யார் தயாரித்தது, என்ன அளவு என்று எழுதி எங்கள் கையில் கொடுங்கள். பின்னாளில் வேறொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அவருக்கு அது தேவைப்படும்.

அந்தத் தாளிலேயே, இரவில் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு எண்ணையும் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால், காய்ச்சல் வந்தால், சீழ் கசிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அழைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை பெற்றவர்களில் ஒருத்தி