ஊர் கூடாமல் ஓடாத தேர்: பிபிசிக்கு ஒரு திறந்த மடல்

பிபிசியில் யூரோவிஷன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சென்னையில் பிறந்து, கிழக்கு லண்டனில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான். பிபிசியை நடத்தும் டிவி லைசென்ஸ் கட்டணத்தை வருஷா வருஷம் கட்டுகிறவள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நாட்டுக்கு ஒரு பாட்டாக ஐரோப்பா மோதிக்கொள்ளும் யூரோவிஷன் போட்டிக்கு, பிரிட்டனின் பாட்டை நீங்கள்தான் அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து அனுப்புகிறீர்கள்.

போன சனிக்கிழமை, 2025 மே 17, இறுதிப் போட்டியைப் பார்க்க எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர். பக்கத்து வீட்டு போலந்துக் குடும்பமும் உண்டு. என் மகள் நோட்டில் கட்டம் போட்டு 26 பாட்டுக்கும் மார்க் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாட்டிலும் நடுவர் குழு தனியாக, மக்கள் தனியாக மார்க் போடுவார்கள். நடுவர் குழுக்களின் மார்க் வந்தபோது நம் கணக்கில் 88 சேர்ந்தது. பரவாயில்லையே என்று முறுக்குத் தட்டை இன்னொரு சுற்று விட்டேன். அப்புறம் மக்கள் ஓட்டு. நம் முறை வந்தது, சைபர். யாரும் எதுவும் பேசவில்லை. மகள் மட்டும் 88 பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து, கீழே மறுபடியும் 88 என்று எழுதினாள். கணக்கு டீச்சர் கேட்டதுபோல அவ்வளவு ஒழுங்காக.

போன வருஷம் ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் நடந்த போட்டியிலும் இதே கதை. நம் பாடகர் ஆலி அலெக்சாண்டருக்கு நடுவர்கள் 46 கொடுத்தார்கள், மக்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. 2021-இல் ராட்டர்டாமில் ஜேம்ஸ் நியூமனுக்கு இரண்டு பக்கமும் சைபர். ஐந்து முறை முதலிடம், பதினாறு முறை இரண்டாமிடம் பிடித்த நாடு இது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரே சமாதானம்தான் காதில் விழுகிறது: 'எல்லாம் அரசியல், அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றுக்கொன்று ஓட்டுப் போட்டுக்கொள்கின்றன, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு நம்மை யாருக்கும் பிடிக்கவில்லை.' இதைச் சொல்லிச் சொல்லியே நாம் தேய்ந்துபோனோம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகுதானே 2022-இல் டுரினில் நம் சாம் ரைடர் 466 புள்ளி வாங்கி இரண்டாவதாக வந்தார்? அதில் 183 மக்கள் போட்டது. போர் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம் உக்ரைன் ஜெயித்தது நியாயம்தான். ஆனால் நடுவர் ஓட்டில் முதலிடம் நமக்கு. நம்மைப் பிடிக்காதவர்கள் அன்று ஒரு ராத்திரிக்கு மட்டும் மனசு மாறினார்களா?

சைபர் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்து பாட்டுக்குத்தான் புள்ளி. ஒன்றிலிருந்து எட்டு வரை, அப்புறம் பத்து, பன்னிரண்டு. ஒரு பாட்டு எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்தால் மொத்தம் சைபர்தான். அதாவது சைபர் என்றால் எல்லோரும் நம்மை வெறுத்தார்கள் என்று அர்த்தமில்லை. யாருக்கும் நாம் முதல் ஆளாக இல்லை, அவ்வளவுதான். நடுவர்கள் எல்லாப் பாட்டையும் வரிசைப்படுத்தியாக வேண்டும். குரல் சுத்தமா, அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'நல்லாத்தான் இருக்கு' என்கிற பாட்டுக்காக யாரும் போனை எடுத்துக் காசு செலவழிப்பதில்லை. இது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றால்தான் எடுப்பார்கள்.

இந்த வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசெலில் நமக்காகப் பாடிய ரிமெம்பர் மண்டே குழுப் பெண்கள் மூவரையும் நான் குறை சொல்லவே மாட்டேன். மேடை நாடகத்தில் பழகியவர்கள். மூன்று குரலும் நேரலையில் ஒன்றோடொன்று இழைந்த விதம், சுருதி சுத்தம் எல்லாம் முதல் தரம். ஆனால் பாட்டு மூன்று நிமிஷத்துக்குள் வேகத்தை மாற்றிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் தாளம் போட ஆரம்பித்த கை அடுத்த வரியில் நின்றுவிடுகிறது. என் மகள் கேட்டாள்: "அம்மா, இது ஒரு பாட்டா, மூணு பாட்டா?" எந்தப் பாட்டுக்கு ஓட்டுப் போடுவது என்று தெரியாமல் ஐரோப்பா போனைக் கீழே வைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஸ்வீடனைப் பாருங்கள். அவர்கள் இந்த வருஷம் அனுப்பியது பின்லாந்திலிருந்து வந்த மூன்று பேரை. ஸ்வீடிஷ் பேசும் பின்லாந்துக்காரர்கள், தங்கள் ஊர் வட்டார வழக்கிலேயே நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். 1998-க்குப் பிறகு ஸ்வீடன் ஆங்கிலத்தை விட்டு ஸ்வீடிஷில் பாடியது இப்போதுதான். ஸ்டாக்ஹோமில் ஒரு அறைக்குள் ஆறு அதிகாரிகள் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தப் பாட்டு வெளியே வந்திருக்குமா? 2015-இல் யூரோவிஷனையே ஜெயித்த மோன்ஸ் செல்மர்லோவ் உள்நாட்டுப் போட்டியில் எதிரே நின்றார். பாதுகாப்பான தேர்வு அவர்தான். ஆறு சனிக்கிழமை, ஊர் ஊராகப் போய் நடத்திய போட்டியில் மக்கள் அவரைத் தாண்டி இந்த மூவரைத் தூக்கிவிட்டார்கள். பாசெலில் நான்காமிடம். எங்கள் வீட்டு போலந்துப் பாட்டி அந்தப் பாட்டுக்கு சோபாவில் உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார். ஸ்வீடிஷில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது.

இத்தாலி பிப்ரவரியில் ஐந்து ராத்திரி சான்ரெமோவில் நாடே சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு விழா நடத்துகிறது. இந்த வருஷம் அங்கே ஜெயித்தவர் யூரோவிஷனுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாவதாக வந்தவரை அனுப்பினார்கள், அவருக்கு ஐந்தாமிடம். அவர்களுடைய இரண்டாவது ஆள் நம் முதல் ஆளைவிடப் பதினான்கு இடம் மேலே.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். 2016 முதல் 2019 வரை மக்களிடமும்தானே கேட்டோம், என்ன கிடைத்தது, கடைசி வருஷம் கடைசி இடம்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது? 2016-இல் அதை பிபிசி நான்காம் சேனலில் போட்டீர்கள். ஒரே ஒரு ராத்திரி, ஆறு பாட்டு, முடிந்தது. காலையில் பெண் பார்த்து மத்தியானம் தாலி கட்டுகிற அவசரம். அந்த ஆறு பாட்டும் ஒரே பட்டறையில் செய்தது போலத்தான் எனக்குக் கேட்டன. கொடுத்த ஆறில் ஒன்றைச் சுட்டிக் காட்டுவதை மக்கள் தேர்வு என்று சொல்லலாமா?

இன்னொன்றும் சொல்வீர்கள். இந்த வருஷம் ஜெயித்த ஆஸ்திரியா உள்ளுக்குள்ளேயே தேர்ந்தெடுத்ததுதானே, சாம் ரைடரும் அப்படித்தானே என்று. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்திரியா அனுப்பியது ஓபரா மேடையில் உச்சக் குரலில் பாடுகிற ஒருவரை. பிடித்தவர்களுக்கு மயிர்க்கூச்செரியும், பிடிக்காதவர்கள் சத்தத்தைக் குறைப்பார்கள். சாம் ரைடர் பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்தே டிக்டாக்கில் பாடி, உங்களிடம் வருவதற்கு முன்பே உலகம் முழுக்க ஆள் சேர்த்து வைத்திருந்தவர். அதாவது ஊர் ஏற்கெனவே அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த மாதிரித் துணிச்சல் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டே தேர்ந்தெடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அது இல்லாத வருஷங்களில் உங்கள் அறையிலிருந்து வெளியே வருவது யாருக்கும் உறுத்தாத பாட்டு. உறுத்தாத பாட்டுதான் பதினோராமிடத்துப் பாட்டு.

பெரிய பெயரைப் பிடித்தால் போதும் என்றும் ஒரு காலத்தில் நினைத்தீர்கள். 2012-இல் அந்தக் காலத்துப் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கை அஜர்பைஜானின் பாகுவுக்கு அனுப்பினீர்கள். எங்கள் வீட்டில் அன்று கொண்டாட்டம், ஏனென்றால் அவர் பிறந்தது மெட்ராஸில், 1936-இல். நான் சென்னைக்குப் போன் போட்டு, "அப்பா, நம்ம ஊர்க்காரர் பாடறார்" என்றேன். 1967-இல் பீட்டில்ஸையே முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்திய குரல் அது. 76 வயதில், குலுக்கலில் அவர் முதல் ஆளாக மேடையேற வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் 25 பாட்டு. கடைசியில் ஓட்டுப் போடும்போது முதல் பாட்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? 12 புள்ளி, 25-ஆம் இடம். அப்பா போனில், "அவருக்கு நல்ல பாட்டா கொடுத்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

நம் மேல் இன்னொரு திருஷ்டியும் இருக்கிறது. போட்டிக்குப் பணம் அதிகம் கட்டும் நாடுகளில் ஒன்று என்பதால் நமக்கு அரையிறுதி இல்லை, நேராக இறுதிப் போட்டி. மற்றவர்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் அரையிறுதி ஓட்டில் உரசி மெருகேறி வருகிறார்கள். தேர்வே எழுதாமல் பாஸான பையனைப் போல நாம் சனிக்கிழமை வந்து நிற்கிறோம். உள்நாட்டில் ஒரு நிஜப் போட்டி வைத்தால் அந்த உரசல் இங்கேயே கிடைக்கும்.

அதனால் நான் கேட்பது இதுதான். பிப்ரவரியில் நான்கு சனிக்கிழமை, முதல் சேனலில், பொழுது சாயும் நேரத்தில். கார்டிஃபில் ஒன்று, கிளாஸ்கோவில் ஒன்று, பெல்ஃபாஸ்டில் ஒன்று, கடைசி லிவர்பூலில். 2023-இல் உக்ரைனுக்காக அந்த ஊர் விழாவை நடத்திக் காட்டிய அழகை நீங்களே கூட இருந்து பார்த்தீர்கள். வெல்ஷில் ஒரு பாட்டு வரட்டும். பிர்மிங்ஹாமிலிருந்து ஒரு பாங்க்ரா வரட்டும். லூயிஷமிலிருந்து தமிழ் கலந்து ஒரு பிள்ளை ராப் பாடினாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாதி குப்பையாக இருக்கும். இருக்கட்டும். அந்தக் குப்பையைப் பற்றி திங்கட்கிழமை பஸ்ஸிலும் ஆபீஸிலும் வாய் வலிக்கப் பேசுவோம். மே மாதம் வரும்போது அந்தப் பாட்டு எங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். இந்த வருஷப் பாட்டை எங்கள் வீட்டில் ஒன்பது பேரில் முன்னமே கேட்டிருந்தது என் மகள் மட்டும்தான்.

நம் நாட்டுக்கு நாமே ஓட்டுப் போட முடியாது என்பது விதி. ஆனால் 2023 முதல் போட்டியில் இல்லாத நாட்டுக்காரர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம், உலகம் முழுக்கச் சேர்த்து ஒரே நாடு போல எண்ணுவார்கள். சென்னையில் என் தம்பி இருக்கிறான், டொராண்டோவில் சித்தி பெண்கள் மூன்று பேர். போட வைக்க நான் ஆயிற்று. அவர்களுக்கு அனுப்ப ஒரு பாட்டு கொடுங்கள்.

முறுக்குச் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
லைசென்ஸ் கட்டும் ஒரு மெட்ராஸ்காரி,
கிழக்கு லண்டன்