உட்காராதவர்களைத் தாங்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள துணையாளர்களுக்கும், தரை துடைத்தவர்களுக்கும், வாசலில் நின்றவர்களுக்கும், சில்லறை எண்ணியவர்களுக்கும்,

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள், புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்ட, ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் நடன மாரத்தானுக்கு அங்கே செல்லப்பெயர் ‘தான்’. மாரத்தான் என்ற சொல்லின் வால் அது. தமிழில் எழுதினால் தற்பெருமை மாதிரி ஒலிப்பது சொல்லின் குற்றம், ஆட்டத்தின் குற்றமல்ல. வெள்ளி மாலை 6 மணிக்கு எழுந்து நின்றால் ஞாயிறு மாலை 4 மணிவரை, 46 மணி நேரம், உட்காரவும் கூடாது, தூங்கவும் கூடாது. ஆடுகிறவர்கள் ஏறக்குறைய 700 பேர். கேமரா அவர்கள் பக்கமே திரும்புகிறது. ஆடாமல் உழைக்கிற மாணவர்களோ ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

முதல் நன்றி, ஆளுக்கொருவராகக் கூடவே நிற்கும் துணையாளர்களுக்கு. ஆடுவதால் கால் வலிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் சும்மா நிற்பதுதான் ஆபத்து. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் அங்கேயே தேங்கிப் பாதம் வீங்கும். மணிக்கொரு முறை அரங்கமே சேர்ந்து ஆடும் வரிசை நடனம் அந்தத் தசைக்குப் பம்பு அடித்துவிடுகிறது. ஓரமாய்ச் சாய்ந்து நிற்பவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அதில் சேர்த்துவிடுவது நீங்கள்தான்.

அதைவிடப் பெரிய உதவி சாக்ஸ் மாற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை சரியாக இருந்த ஷூ சனிக்கிழமை இரவு விரலைக் கடிக்கும். அரை அளவு பெரிதான இன்னொரு ஜோடி இல்லாமல் வந்தவர் பாடு திண்டாட்டம். சாக்ஸ் வியர்வையில் நனைந்தால் தோல் ஊறிவிடும், ஊறிய தோல் உரசினால் கொப்புளம். ஆகவே கழற்ற வேண்டும், விரலிடுக்குவரை துண்டால் ஒற்ற வேண்டும், பவுடர் தட்டி உலர்ந்த சாக்ஸை மடிப்பு விழாமல் இழுத்துவிட வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில்தான் அடுத்த கொப்புளம். இத்தனையும் ஆட்டக்காரர் உட்காராமல் நடக்க வேண்டும். அவர் ஒரு கையை உங்கள் தோளில் ஊன்றி ஒற்றைக்காலில் தள்ளாடுவார், நீங்கள் முழங்காலிட்டு அவர் குதிகாலை மடியில் ஏந்திக்கொள்வீர்கள். 40 மணி நேரப் பாதம் எப்படி மணக்கும் என்பதை எழுதத் தேவையில்லை.

ஞாயிறு விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணிவரைதான் கண்டம். இரண்டாம் இரவு, உடல்சூடு இறங்கிக் கிடக்கும் நேரம். நின்றபடியே கண் சொருகும், கேட்ட கேள்விக்கு வேறு பதில் வரும். அப்போது அறிவுரை எதுவும் ஏறாது. நடக்கவைத்து, முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்து, எளிய கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பேச்சு குழறினாலோ தலை சுற்றினாலோ பிடிவாதத்துக்கு இடம் தராமல் மருத்துவக் குழுவிடம் கொண்டுபோனீர்கள். முதல் நாளே காபியாகக் குடித்துத் தீர்த்தவர்கள்தான் இந்த நேரத்தில் முதலில் சரிகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வயிறு முட்டப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்த உணவுக் குழுவுக்கு நன்றி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தவர் கையில் உப்புப் பிஸ்கட்டைத் திணித்ததற்கும்தான். வியர்வையில் போன உப்பைத் தண்ணீர் ஈடுகட்டாது.

சிந்திய பழச்சாறு காய்ந்தால் ஷூ ஒட்டும், காயாவிட்டால் வழுக்கும். கூட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, தரையைப் பகுதி பகுதியாகத் துடைத்தவர்கள் பெயர் எந்த மேடையிலும் வரவில்லை. ஆட்டம் நடக்கும் பிரைஸ் ஜோர்டன் அரங்கம் நிரம்பியதும் கதவைச் சாத்திவிட்டு, பிப்ரவரிக் குளிரில் வரிசையில் நின்றவர்களிடம் ஏச்சு வாங்கியவர்கள் பெயரும் வரவில்லை.

சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் ஆடுகளத்துக்கே வருகிறார்கள். கீமோதெரபியில் வெள்ளணுக்கள் குறைந்த குழந்தைக்கு நம்முடைய சாதாரணச் சளி சாதாரணமானதல்ல. லேசாகத் தொண்டை கரகரத்ததும் மாதக்கணக்கில் உழைத்த வேலையை விட்டுவிட்டு அறையிலேயே தங்கிவிட்டவர்களே, உள்ளே வராமல் செய்த உதவி உங்களுடையது. தண்ணீர்த் துப்பாக்கி விளையாட்டில், நெஞ்சில் மருந்துக்குழாய் பொருத்திய குழந்தையின் கட்டு நனையாமல் காலைப் பார்த்து மட்டும் பீய்ச்சியவர்களுக்கும் நன்றி.

பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் சில்லறை எண்ணியதன் அருமை புரியும். கிறிஸ்டோஃபர் மில்லார்ட் என்ற சிறுவன், வீரனொருவன் நான்கு வைரங்களைத் தேடிப்போவதாக ஒரு கதை எழுதினான். துணிவு, அறிவு, நேர்மை, வலிமை என்பவையே அந்த வைரங்கள். 1972இல், 14 வயதில், புற்றுநோயால் இறந்தான். பெற்றோர் சார்லஸும் இர்மாவும் தொடங்கிய நிதிக்கு அந்தக் கதையிலிருந்தே ‘ஃபோர் டயமண்ட்ஸ்’ என்று பெயர். ஹெர்ஷியிலுள்ள பென் ஸ்டேட் குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குக் காப்பீடு ஏற்காத செலவை அது ஏற்கிறது; ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பான்மை வகைக்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். அத்தனை மாதமும் வீட்டுக்கு வரும் பில்லை நினைத்துப் பாருங்கள்.

1973இல் 39 ஜோடிகள் 30 மணி நேரம் ஆடிச் சேர்த்தது சுமார் 2,000 டாலர். 1977 முதல் திரட்டுவதெல்லாம் ஃபோர் டயமண்ட்ஸுக்கு. 2024இல் மேடையில் ஒவ்வோர் அட்டையாக உயர்த்திக் காட்டிய தொகை 1,69,55,683 டாலர் 63 சென்ட். அந்த 63 சென்ட் நமக்கு மிகவும் பிடித்தது. முழு எண்ணாக்கிவிடாமல் கடைசிக் காசுவரை கணக்கில் வைத்த நிதிக்குழுவுக்குத் தனி வணக்கம்.

கடைசியாக, ஞாயிறு மாலை வண்டியோட்ட வந்தவர்களுக்கு. 46 மணி நேரம் விழித்திருந்தவர் கையில் சாவி கொடுக்கக் கூடாது. எத்தனை சொன்னாலும் ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார். நீங்கள் வாதாடவில்லை. சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பின்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

நன்றியுடன்,
ஆடுகளத்தில் நின்றவர்கள்