கிடை ஆடுகளும் உயர் அழுத்த மின்கம்பியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கூடங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் 400 கிலோவோல்ட் தடத்துக்குக் கீழேயும், ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைத் தடங்களுக்குக் கீழேயும் கிடை போடுகிறவர்களிடம் ஒரு பேச்சு உண்டு: "கம்பியில உள்ள காந்தம் ஆட்டோட எதிர்ப்பு சக்திய உறிஞ்சிருதுல்லா, ஊசி போட்டு என்ன பிரயோசனம்?" பயப்படுவதில் தப்பில்லை. அந்தப் பயத்தில் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதுதான் மந்தையைக் கொல்கிறது.

இது சோதித்துப் பார்க்காத விஷயமல்ல. அமெரிக்காவில் 1990-களில் எலிகளையும் சுண்டெலிகளையும் நாளுக்குப் பதினெட்டரை மணி நேரம், 1000 மைக்ரோடெஸ்லா வரையான காந்தப்புலத்தில் வைத்தார்கள். எதிர்ப்பான் சுரப்பு, நோயை எதிர்க்கும் டி வெள்ளணுக்களின் வேலை, லிஸ்டீரியா கிருமியைத் தாக்குப்பிடிக்கும் திறன் எல்லாவற்றையும் அளந்தார்கள். உச்ச அளவில் பெண் சுண்டெலிகளிடம் மட்டும் இயற்கைக் கொல்லி அணுக்களின் (நோய் தொற்றிய அணுக்களை அழிக்கும் வெள்ளணுக்களின்) செயல்பாடு குறைந்தது. ஆண் சுண்டெலிகளிடமும் எலிகளிடமும் குறையவில்லை. செம்மறியிலும் சோதனை நடந்தது. ஆரெகான் மாநிலத்தில் 500 கிலோவோல்ட் கம்பிக்கு அடியில் வளர்த்த பெட்டைக் குட்டிகளிடம், எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதம் குறைந்ததாக முதலில் தெரிந்தது. அதை உறுதிப்படுத்த 27 மாதம் நீண்ட இன்னொரு சோதனை வைத்தார்கள். அங்கே புலம் சராசரியாக 3.5 முதல் 3.8 மைக்ரோடெஸ்லா. 2001-ல் வெளியான முடிவில் வித்தியாசம் ஏதும் இல்லை. முதல் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது நியாயமாகாது.

நம் ஊர்க் கணக்கும் இதையே சொல்கிறது. காற்றாலைத் தடங்களில் மின்னோட்டம் உச்சத்தில் இருப்பது ஆனி, ஆடிக் காற்றில். காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே புலமும் அப்போதுதான் உச்சம். ஆனால் கடிபூச்சி பரப்பும் நீலநாக்கு நோய் ஆடுகளிடம் தலைகாட்டுவது ஐப்பசி, கார்த்திகையில், மழை ஈரத்தில் கடிபூச்சி பெருகிய பிறகு.

செல்போன் செயலியில் "40 மைக்ரோடெஸ்லா காட்டுது" என்று பதறுகிறார்கள். அது பூமியின் காந்தம். கம்பியே இல்லாத பொட்டலிலும் ஏறக்குறைய அதே அளவு காட்டும். அந்தப் பூமிக் காந்தத்தைத் தொடர்ந்து அளக்கும் ஆய்வகம் திருநெல்வேலி பக்கம் நம் கிருஷ்ணாபுரத்திலேயே இருக்கிறது. மின்கம்பியின் புலம் நொடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி மாறி வருவது. அதை அளக்க 50 ஹெர்ட்ஸுக்கான மூன்று அச்சுக் காஸ்மீட்டர் (காந்தப்புலம் அளக்கும் கருவி) வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், கம்பிக்கு நேர் கீழே தொடங்கிப் பக்கவாட்டில் பத்துப் பத்து மீட்டராக நகர்ந்து குறிக்க வேண்டும். மீட்டர் மில்லிகாஸில் காட்டினால் பத்தால் வகுத்தால் மைக்ரோடெஸ்லா. தள்ளிப் போனபின் தூரம் இரட்டித்தால் புலம் ஏறக்குறைய கால்வாசியாகும். தகரக் கூரை இதைத் தடுக்காது.

மின்சாரம் மாட்டைக் கெடுக்கும் வேறொரு வழி உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. அது தரைக் கசிவு. மாட்டின் உடல் மின்தடை சுமார் 500 ஓம்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் ஈரத் தரைக்கும் இடையே 1 வோல்ட் நின்றாலே 2 மில்லியாம்பியர் உடலுக்குள் ஓடும். மாடு தொட்டியில் வாய் வைக்கத் தயங்கும், நாக்கால் நக்கி நக்கிக் குடிக்கும், பாலை அடக்கும். மடியில் பால் தங்கினால் மடிவீக்கம் வர வழியாகும். பார்க்கிறவர்களுக்கு எதிர்ப்பு சக்தி போய்விட்டதாகத் தோன்றும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தொட்டியின் இரும்பில் கவ்வுங்கள். மறுமுனையை, மாடு நிற்கும் ஈரத் தரையில் வைத்த 10 சென்டிமீட்டர் சதுரச் செம்புத் தகட்டில் கவ்வுங்கள். இரண்டுக்கும் குறுக்கே, மாட்டின் உடலுக்குப் பதிலாக, 500 ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அது இல்லாமல் உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே அளந்தால், தூண்டலால் வரும் பொய் வோல்ட்டேஜை மீட்டர் பெரிதாகக் காட்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு தடவை, மெயின் சுவிட்சை அணைத்து ஒரு தடவை அளக்க வேண்டும். அணைத்ததும் மறைந்தால் கோளாறு கொட்டகை வயரிங்கில். மறையாவிட்டால் வெளியே மின்வாரியத்தின் நியூட்ரல் கம்பியில். மின்வாரியத்திடம் எழுதிக் கொடுங்கள். தொட்டி, தடுப்புக் குழாய், தரைக்குள் இருக்கும் கம்பி வலை மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து எர்த் செய்தால் அவற்றுக்கிடையே உள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் மாட்டைத் தாக்காது. கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் டிரிப்பர் உயிரைக் காக்கும், ஆனால் 2 மில்லியாம்பியர் கசிவுக்கு விழாது.

தடுப்பூசி பலிக்காமல் போவதற்கும் காரணங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் கரைத்தபின் ஐஸ் மேலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தோலுக்கடியில் 1 மி.லி. போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலோ, ஊசியை ஸ்பிரிட்டில் முக்கினாலோ மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் செத்து, ஊசி பலிக்காது. கண்ணிமை உள்பக்கம் வெளுத்திருந்தால் புழுவால் ரத்தம் குறைந்திருக்கலாம்; அந்த ஆட்டுக்கு முதலில் குடற்புழு நீக்கம் செய்யுங்கள்.

சந்தேகம் தீர வழி இருக்கிறது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து, கம்பிக்குக் கீழே ஒரு மந்தை, அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மந்தை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே இனம், ஒரே மேய்ச்சல், ஒரே நாளில் ஊசி. நான்கு வாரம் கழித்து இரண்டிலும் ரத்தம் எடுத்து எதிர்ப்பான் அளவைப் பார்க்கட்டும். காந்தப்புலத்தை ஆடியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை அளக்கட்டும். முடிவைக் கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்கள் சிலர்,
நாங்குநேரி வட்டாரம்