உன் ஒலிக்கருவிகளும் என் பழைய வேலையும்

திருச்சி

அன்புள்ள கயல்விழிக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு சிறிய காரின் விலைக்கு வந்துவிட்டது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சம்பாதிக்கிறவள் நீ, கேட்கப் போகிறவளும் நீ. ஆனால் அதையடுத்து, "எந்தப் பூட்டு வாங்கலாம் அம்மா?" என்று கேட்டாய். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் ஓய்வு பெறும் வரை வீட்டுத் திருட்டுக் கோப்புகளைப் படித்தவளுக்கு அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. பூட்டு வேண்டும்தான். ஆனால் உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாமல் இருப்பதும், உள்ளே இருப்பது உன்னுடையதுதான் என்று காகிதத்தில் காட்ட முடிவதும் பூட்டுக்கு முன்னால் வருகின்றன. என் அனுபவத்தில் பலரும் முழுக்கவனத்தையும் பூட்டில் செலவழித்துவிட்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊரில் பூட்டிய வீட்டை உடைப்பவன் நகைக்கும் ரொக்கத்துக்கும் வருகிறவன். நேராகப் பீரோவுக்குத்தான் போவான். 30 கிலோ ஆம்ப்ளிஃபையரைச் சுமந்துகொண்டு சுவரேறிக் குதிக்க அவனுக்கு எந்த அவசியமும் இல்லை. அடகுக் கடையில் அது எடுபடவும் எடுபடாது. அதனால் கவலையில்லை என்று நினைத்துவிடாதே. ஹெட்போன், டிஜிட்டல் பாட்டை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் டிஏசி, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் போன்ற, ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடுகிற பொருட்களில்தான் உன் பணத்தில் கணிசமான பங்கு முடங்கியிருக்கிறது. லேப்டாப்போடு சேர்த்து அவற்றை வாரிக்கொண்டு போக ஒரு நிமிடம் போதும். இன்னொன்றையும் யோசித்துப் பார். மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு, கண்காணிப்புக் கேமராவின் பதிவு இருக்கும் டி.வி.ஆர். பெட்டியையும் கழற்றிக்கொண்டு போவது திருட்டுச் செய்திகளில் வழக்கமான வரியாகிவிட்டது. அந்தப் பெட்டி பெரும்பாலான வீடுகளில் டிவிக்குக் கீழே, சிறு விளக்கு எரியும் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். உன் ஸ்ட்ரீமரும் அதே இடத்தில், அதே நிறத்தில்தான் இருக்கிறது. இருட்டில் எது எது என்று அவன் ஆராய்ந்துகொண்டிருக்கப் போவதில்லை. இரண்டையும் ஒயரோடு பிடுங்கிக்கொள்வான். ஆகவே டி.வி.ஆரைப் பரணுக்கு மாற்றச் சொல், பதிவின் ஒரு பிரதி இணையத்திலும் சேமிக்கப்படும்படி அமைக்கச் சொல்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொருவனுக்கு. என்ன இருக்கிறது, என்ன விலை, யார் எப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறவன் அவன். வண்டியும் துணைக்கு ஆளும் கொண்டு வருவான், ஸ்பீக்கரின் எடை அவனுக்குப் பொருட்டல்ல. அவனுக்குச் செய்தி போகும் வழிகள் எல்லாம் நாமே திறந்து வைப்பவை. பொருள் வந்ததும் அதன் அட்டைப் பெட்டியைக் குப்பை வண்டிக்காக வாசலில் சாத்தி வைப்பது, மாடல் பெயரோடு தெருவுக்கே அறிவிப்பது. விற்கும்போதும் வீடு மாற்றும்போதும் அந்தப் பெட்டி தேவைப்படும் என்பதால் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒட்டுப்பட்டையைப் பிரித்துத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கடியில் வை. ரேக் செய்ய வந்த தச்சரும் மின் இணைப்பு கொடுக்க வந்தவரும் "என்ன விலை மேடம்?" என்று ஆர்வத்தில்தான் கேட்பார்கள், அவர்கள் நல்லவர்களே, ஆனால் அவர்கள் டீக்கடையில் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. "பழசு, நண்பர் கொடுத்தது" என்று சொல்லிவிடு. இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

நீ பாட்டுக் கேட்கும் அறையின் ஜன்னல் தெருப் பக்கம் இருக்கிறது அல்லவா? மாலையில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, நீயே வெளியே போய் நின்று பார். பகலில் ஒன்றும் தெரியாத வலைத்திரை இரவில் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் காட்டும். தடித்த திரை போட்டால் எதிரொலியும் சற்றுக் குறையும், நீ கேட்கிற பாட்டுக்கும் நல்லது. பழைய ஸ்பீக்கரை விற்க விளம்பரம் கொடுக்கும்போது அறை முழுவதும் தெரிகிற மாதிரி படம் எடுக்காதே. சுவரை மட்டும் பின்னணியாக வை. வாங்க வருகிறவர் கேட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார், அது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு ஜோடியை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து, மாப்பிள்ளையும் வீட்டில் இருக்கும் நேரத்தில் போட்டுக் காட்டு. சமூக ஊடகத்தில் படம் போடவே கூடாது என்று நான் சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் மட்டுமாவது போடாதே.

இனி காகிதம். ஒரு கைப்பேசி காணாமல் போனால் அதற்கே உரிய ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணைக் கொண்டு, 2023 முதல் நாடெங்கும் இயங்கும் சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் அதை முடக்கிவிடலாம். ஆம்ப்ளிஃபையருக்கு அப்படி எந்தப் பொதுப் பதிவேடும் இல்லை. நீ எழுதி வைத்திருக்கும் வரிசை எண்தான் அதற்கு இருக்கும் ஒரே அடையாளம். அந்த எண் பெரும்பாலும் பின்பக்கத்தில், மின்கம்பி செருகும் இடத்துக்கு அருகில், ஒரு சிறு ஸ்டிக்கரில் இருக்கும். ரேக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தபின் அதைப் படிக்க முடியாது. கைப்பேசியைக் கையில் பிடித்துப் பின்னால் நுழைத்து, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் படமெடு. நேராக அடித்தால் வெளிச்சம் தெறித்து எண் வெள்ளையாகிப் போகும். ஸ்பீக்கரில் ஒயர் மாட்டும் தகட்டுக்கு அருகில் பார். இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கலாம், இரண்டையும் எடு. டர்ன்டேபிளுக்கு அடிப்பக்கமும் பார். பில்லில் கடைக்காரர் மாடல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், வரிசை எண்ணையும் சேர்த்து எழுதிக் கேள். நாளைக்குக் காவல் நிலையத்தில் "மியூசிக் சிஸ்டம் ஒன்று" என்று எழுதப்படுவதற்கும், எண்ணோடு எழுதப்படுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஸ்டிக்கரைக் கிழித்துவிடலாம் என்பதால், அடித்தகட்டில் பொறிக்கும் கருவியால் உன் கார் பதிவு எண்ணை எழுதி வை. ஆதார் எண்ணை எழுதாதே, அது இன்னொரு வகைத் திருட்டுக்கு வழி. பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எழுதுவது வேண்டாம், வாரண்டி போய்விடும். இந்த எண்களையெல்லாம் எழுதி வைக்கும் பட்டியலில் அப்பாவின் இசைத்தட்டுகளையும் சேர். லேபிளில் உள்ள எண்ணோடு, பாட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறார் அப்பா. என்னைக் கேட்டால், ஒவ்வொரு உறையின் மூலையிலும் அவர் பால்பாயிண்ட் பேனாவால் போட்டிருக்கும் கையெழுத்தும் தேதியும் அதைவிட நல்ல அடையாளம். மறுவிற்பனை மதிப்பு போயிற்று என்று நீ அவரோடு சண்டை போட்டாயே, அந்தக் கையெழுத்துதான்.

காப்பீட்டைப் பற்றி நீ இன்னும் கேட்கவில்லை; கேட்க வேண்டும். வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கி உனக்கு எடுத்துக் கொடுத்தது ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பாலிசி என்றாய். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தருகிற நல்ல பாலிசி அது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் திருட்டுக்கு இடம் கிடைப்பது, தீ, புயல், வெள்ளம் போன்ற ஒரு நிகழ்வு நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் பொருள் களவு போனால் மட்டுமே. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துச் சென்றால் அந்தப் பாலிசியில் ஒரு ரூபாய் வராது. வீடுடைப்புத் திருட்டுக்குத் தனிப் பாலிசியோ, வீட்டுப் பொருட்களுக்கான தொகுப்புப் பாலிசியில் அதற்கான பிரிவோ நீ கேட்டு வாங்க வேண்டும்.

அதிலும் மூன்று இடங்களை நிதானமாகப் படி. வீடுடைப்பு என்றால் வலுக்கட்டாயமாக நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ தடயம் இருக்க வேண்டும். செருப்பு அலமாரியில் சாவியை வைத்துவிட்டுப் போய், அதை எடுத்துத் திறந்து ஒருவன் உள்ளே போயிருந்தால் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயருக்குக் காட்ட ஒரு கீறல்கூட இருக்காது. வேலைக்கு வருகிறவர்கள் எடுத்தால் அதைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் செல்லும். பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும். நீண்ட பயணம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்கு. பிரீமியத்தைக் குறைக்கத் தொகையைக் குறைத்து எழுதுவதும் வேண்டாம். 10 லட்சம் பெறுமான பொருட்களை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு, அதில் 2 லட்சத்துக்குத் திருட்டுப் போனால், குறைமதிப்பு விதிப்படி 1 லட்சம்தான் கணக்கில் வரும். இந்தக் கணக்கைக் கேட்டு என் மேசைக்கு எதிரே கோபப்பட்டவர்கள் பலர். அவர்கள் எல்லோரும் அந்த விதி இருக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். விலை உயர்ந்த ஒவ்வொன்றையும் பெயர், எண், விலையோடு இணைப்புப் பட்டியலாகக் கொடுத்து, அதில் நிறுவனத்தின் முத்திரை வாங்கிக்கொள்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். நல்ல திண்டுக்கல் பூட்டை யாரும் உடைப்பதில்லை. அது தொங்கும் நாதாங்கியைத்தான் கடப்பாரையால் நெம்புவார்கள். மரத்தில் சிறு திருகாணியால் பிடித்திருக்கும் நாதாங்கிக்கு எந்தப் பூட்டும் துணை நிற்காது; கதவைத் துளைத்து மறுபக்கம் போல்ட் போட்டு முடுக்கச் சொல். வெளியே தொங்கும் பூட்டு ஆள் இல்லை என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்; முன்கதவுக்குக் கதவுக்குள்ளேயே பதியும் பூட்டு நல்லது. முன்கதவைத் தேக்கில் இழைத்துவிட்டு மொட்டை மாடிக் கதவைத் தகரத்தில் விடுவது நம் வீடுகளின் வழக்கம், உன் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு உள்பக்கம் குறுக்குக் கம்பி ஒன்று போடு.

அறைக்குள், எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டலாமே என்று மாப்பிள்ளை சொன்னாராம். ஆம்ப்ளிஃபையரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் திருடன் வருவதற்கு முன்பே சென்னை வெயிலும் அதன் சொந்தச் சூடும் சேர்ந்து அதை முடித்துவிடும். இரும்பு ரேக்கைச் சுவரில் போல்ட் போட்டுப் பிணைத்து, முன்னும் பின்னும் கம்பிவலைக் கதவு வைத்தால் காற்றும் போகும், கையும் நுழையாது. ஸ்பீக்கரில் துளை போடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதே.

இத்தனைக்கும் மேல் ஒரு நாள் நேர்ந்துவிட்டால், எதையும் தொடாமல், எதையும் ஒழுங்குபடுத்தாமல் 100 அல்லது 112 எண்ணை அழை. காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள்; அது புகார் பெற்றதற்கான ரசீது மட்டுமே, காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் குடியிருப்புக்குள் நடக்கும் திருட்டுக்கு 305-ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே எழுது. பொருள் கிடைக்காவிட்டால், கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை தரும் இறுதி அறிக்கையையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். கிடைத்தாலும் அது வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் மனு செய்துதான் வாங்க முடியும். அப்படிப்பட்ட பொருட்களைக் காவல் நிலையங்களில் வீணாகக் கிடக்க விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், நீதிமன்றம் தயாரிக்கும் பொருளின் விவர அறிக்கைக்கு 14 நாள், அதன்பின் ஒப்படைப்பு உத்தரவுக்கு 30 நாள் என்று காலக்கெடுவும் வைத்திருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்கப்படுவது அந்த வரிசை எண்தான். ஸ்ட்ரீமர் போயிருந்தால், அதில் நுழைந்து வைத்திருக்கும் எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்று.

தீபாவளிக்கு இங்கே வரும்போது காவல் நிலையத்தில் வெளியூர் போகும் தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டு வா. ரோந்து வருகிறவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசலில் ஒரு கோலம் போட்டுவிடச் சொல். டர்ன்டேபிள் கையின் நுனியில் இருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதில் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜோடு அதன் டப்பாவில் போட்டு நகையோடு வங்கி லாக்கரில் வைத்துவிடு. கட்டைவிரல் அளவில் அத்தனை விலையுள்ள பொருள் உன் அறையில் வேறு இல்லை. ரிமோட்டுகளை மட்டும் கையோடு கொண்டு வா. பட்டியலின் ஒரு பிரதியை இந்த வாரமே எனக்கு அனுப்பு. பாலிசி வாசகத்தோடு வைத்துப் பார்த்து, எங்கே திருத்தம் வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்து அனுப்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

அம்மா